படியெடுத்தலும் பாதுகாத்தலும்: கழற்று வட்டுகளின் வரலாறு

முன்னுரை

எழுதப்பட்டது எதுவாயினும் அழியக்கூடியதே என்பதைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிவர். பனையோலை ஏடு சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. கரையானும் ஈரமும் நெருப்பும் அதன் பகைகள். ஆதலின் ஏடு முற்றும் சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தல் மரபாயிற்று. டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் அச்சேற்ற முடிந்தமைக்கு, அவர்தம் உழைப்போடு மற்றொரு காரணமும் உண்டு. அந்நூல்களின் படிகள் ஒரே வீட்டில் இராமல் பல ஊர்களிலும் மடங்களிலும் சிதறிக் கிடந்தன. ஓரேட்டில் சிதைந்த இடத்தை மற்றோர் ஏடு நிரப்பிற்று. படியில்லாத நூல்களோ பெயரளவில் மட்டும் நின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுத்து, தாளை விட்டுக் காந்தப் பூச்சின்மேல் ஏறியது. வணிகக் கணக்கும் ஆய்வேடும் ஓவியமும் இசையும் கணிப்பொறியின் வட்டுக்குள் புகுந்தன. எழுதுமிடம் மாறியபோதும் அழிவு மாறவில்லை. அதன் விரைவே மிகுந்தது. ஓலை அழிய நூற்றாண்டு வேண்டும். வன்வட்டு அழிய ஒரு நொடி போதும். இவ்வச்சத்திலிருந்தே படியெடுக்கும் கருவிகளுக்கென ஒரு சந்தை பிறந்தது. அமெரிக்க நாட்டில் அச்சந்தை தோன்றி, ஓங்கி, ஒடுங்கிய வரலாற்றையும், அவ்வரலாறு படிகளைக் காப்பார்க்குக் காட்டும் உண்மையையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நாடாவும் வட்டும்

கணிப்பொறித் தரவுகளைச் சேமிக்க முதலில் பெருவழக்குப் பெற்றது காந்த நாடாவாகும். 1951இல் யூனிவாக் கணிப்பொறியோடு வந்த நாடாக் கருவி உலோக நாடாவைக் கொண்டிருந்தது. மறு ஆண்டே ஐ.பி.எம். நிறுவனம் தன் நாடாக் கருவியை வெளியிட்டது. நாடாவின் இயல்பு ஓலைச்சுருளின் இயல்பை ஒத்தது. நடுவிலுள்ள ஒரு செய்தியை அடைய வேண்டின், அதற்கு முன்னுள்ள பகுதி முழுவதையும் ஓட்டிக் கடக்க வேண்டும். இக்குறையைப் போக்கியது வட்டு. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் என்னும் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 வட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவ்வளவு பெரிய கருவி தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளே.

வட்டைக் கருவியிலிருந்து கழற்றி எடுத்துச் செல்லலாம் என்னும் எண்ணம் 1962இல் செயலுருப் பெற்றது. அவ்வாண்டில் ஐ.பி.எம். அறிவித்த 1311 என்னும் கருவியில், 14 அங்குல வட்டுகள் ஆறு அடங்கிய ஓர் அடுக்கினைக் கையால் தூக்கி வெளியே எடுக்க முடிந்தது. ஓரடுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. கருவி ஒன்று, அடுக்குகள் பல என்னும் முறை இங்கே தொடங்கிற்று. பின்னாளில் பெருஞ்சந்தையாக விரிந்த வணிகத்தின் வித்து இதுவே எனலாம்.

நெகிழ்வட்டின் எல்லை

1971இல் ஐ.பி.எம். வெளியிட்ட 8 அங்குல நெகிழ்வட்டு, பெருங்கணிப்பொறியின் உள்ளியக்கக் கட்டளைகளை ஏற்றுவதற்காகவே படைக்கப்பட்டது. ஏறத்தாழ 80 கிலோபைட் கொண்ட அது, கண்டோர் எதிர்பாராத அளவிற்குப் பிற பயன்களையும் பெற்றது. 1976இல் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனம் 5.25 அங்குல வட்டையும், 1981இல் சோனி நிறுவனம் 3.5 அங்குல வட்டையும் கொணர்ந்தன. 1987 அளவில் 1.44 மெகாபைட் கொள்ளளவு நிலைபெற்றது. மக்கள் நாவில் ‘பிளாப்பி’ என வழங்கியது இதுவே.

நெகிழ்வட்டு வளர்ந்த விரைவினும் வன்வட்டு வளர்ந்த விரைவு மிகுதி. 1983இல் வெளிவந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணிப்பொறியில் 10 மெகாபைட் வன்வட்டு இருந்தது. அதனை 360 கிலோபைட் நெகிழ்வட்டுகளில் படியெடுக்க ஏறத்தாழ 28 வட்டுகள் வேண்டும். பதினோராண்டு கழித்து 500 மெகாபைட் வன்வட்டு வைத்திருந்தவர்க்கு 1.44 மெகாபைட் வட்டுகள் ஏறத்தாழ 350 தேவைப்பட்டன. ஒவ்வொன்றாகச் செருகி, எண்ணிட்டு, மாற்றிக்கொண்டே அமர்ந்திருத்தல் யாவர்க்கும் இயல்வதன்று. இருநூறாவது வட்டில் ஒரு பழுது நேரின் முழுப் படியுமே ஐயத்திற்கு உரியதாகும். படியெடுத்தலின் இன்றியமையாமையை அறிந்தோரும் அதனைத் தள்ளிப் போட்டமைக்கு இத்தொல்லையே காரணம். சோம்பல் என இதனை இகழ்தல் முறையன்று. கருவி இடந்தராத ஒழுக்கத்தை மனிதரிடம் எதிர்பார்த்தல் பயனற்றது.

பெர்னூலிப் பெட்டி

1980இல் யூட்டா மாநிலத்தின் ராய் என்னும் சிற்றூரில் ஐயோமெகா நிறுவனம் தொடங்கப்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் அது வெளியிட்ட கருவி ‘பெர்னூலிப் பெட்டி’ எனப் பெயர் பெற்றது. பாய்பொருள்களின் விரைவு மிகுந்த இடத்தில் அழுத்தம் குறையும் என்னும் நெறியை 1738இல் தம் நூலில் விளக்கிய சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் டேனியல் பெர்னூலியின் பெயரே அதற்கு இடப்பட்டது.

அக்கருவியின் அமைப்பு சிந்திக்கத்தக்கது. வழக்கமான வன்வட்டில் வட்டு விறைப்பானது. படிக்கும் தலை மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கும். தூசு புகுந்தாலும் அதிர்ச்சி நேர்ந்தாலும் தலை வட்டின்மேல் விழுந்து பூச்சைக் கீறிவிடும். பெர்னூலிப் பெட்டியில் வட்டு நெகிழ்வானது. அது விரைந்து சுழலும்போது எழும் காற்றோட்டம் வட்டைத் தலையின் அருகே இழுத்து நிறுத்தும். தூசு குறுக்கிட்டாலோ மின்சாரம் நின்றாலோ காற்றோட்டம் குலைந்து வட்டு தலையை விட்டு விலகும். அஃதாவது, பழுது நேருங்கால் கருவி தன்னியல்பாகவே தீங்கற்ற நிலைக்குத் திரும்பும். தொடக்கத்தில் 10 மெகாபைட் கொண்டிருந்த இவ்வட்டு, படிப்படியாக வளர்ந்து 230 மெகாபைட் வரை சென்றது. விலை மிகுதியாதலின் அலுவலகங்களே இதனை வாங்கின. இல்லங்களை இது எட்டவில்லை.

ஸைக்வெஸ்ட்

1982இல் சையத் இஃப்திகார் என்பாரும் அவர்தம் நண்பர்களும் கலிபோர்னியாவில் ஸைக்வெஸ்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இவர்கள் தேர்ந்தது நெகிழ்வட்டு நெறியன்று. விறைப்பான வன்வட்டுத் தகட்டையே ஞெகிழி உறையிலிட்டுக் கழற்றத்தக்கதாக்கினர். 44 மெகாபைட் கொண்ட இவர்களின் 5.25 அங்குல உறைவட்டு, மக்கின்டோஷ் கணிப்பொறியில் பக்கம் வடிவமைப்போரிடையே பொதுவழக்காயிற்று. வடிவமைப்பாளர் ஓரிடத்திலும் அச்சகத்தார் மற்றோரிடத்திலும் இருந்தமையின், பெரிய படக்கோப்புகளை எடுத்துச் செல்ல வேறு வழியில்லை. அச்சகத்தாரிடம் ஸைக்வெஸ்ட் கருவி இருந்தமையால் வடிவமைப்பாளரும் அதனையே வாங்கினர். வடிவமைப்பாளர் அதனையே கொண்டு வந்தமையால் அச்சகத்தாரும் அதனையே வைத்திருந்தனர்.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. கழற்று வட்டிற்கு இருவேறு பயன்கள் உள. ஒன்று படியைக் காத்தல். மற்றொன்று கோப்பைக் கைமாற்றுதல். காப்பதற்கு எக்கருவியும் பொருந்தும்; கைமாற்றுதற்கோ பிறரிடமும் அக்கருவி இருத்தல் வேண்டும். சந்தையில் வென்றவை யாவும் இரண்டாவது பயனாலேயே வென்றன. முதற்பயன் அதன் நிழலில் வாழ்ந்தது.

நீலப் பெட்டி

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிம் எட்வர்ட்ஸ் என்பார் ஐயோமெகாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அலுவலகங்களுக்கு மட்டும் விற்றுவந்த நிறுவனத்தை இல்லங்களின் பக்கம் திருப்ப அவர் முடிவு செய்தார். கணிப்பொறிக் கருவிகள் யாவும் சாம்பல் நிறப் பெட்டிகளாக இருந்த காலத்தில், கையடக்கமான கருநீலப் பெட்டி ஒன்று உருவாயிற்று. அதுவே 1995 மார்ச்சில் கடைகளுக்கு வந்த ஜிப் டிரைவ். கருவியின் விலை 199 டாலர். 100 மெகாபைட் வட்டு ஒன்றின் விலை ஏறத்தாழ 20 டாலர். அச்சுப்பொறியைச் செருகும் இணைப்பிலேயே இதனையும் செருகலாம். பெட்டியைத் திறக்கவோ வல்லுநரை அழைக்கவோ தேவையில்லை. 350 நெகிழ்வட்டுகள் செய்த பணியை இப்போது ஐந்தே வட்டுகள் செய்தன.

விளைவு வியப்பிற்குரியது. 1994இல் ஏறத்தாழ 14 கோடி டாலராக இருந்த நிறுவனத்தின் விற்பனை, 1995இல் 32 கோடியைத் தாண்டி, 1996இல் 120 கோடியை எட்டியது. பங்கு விலை பன்மடங்கு ஏறி 1996 மே மாதத்தில் உச்சத்தைத் தொட்டது, பின்னர் இறங்கிற்று. 1 கிகாபைட் கொண்ட ஜாஸ் என்னும் கருவியும் உடன் வந்தது.

இவ்வணிகத்தின் உட்பொருளை அறிதல் நன்று. கருவியைக் குறைந்த ஆதாயத்தில் விற்று, வட்டுகளை மிகுந்த ஆதாயத்தில் விற்பதே அதன் முறை. சவரக் கத்தியின் பிடி மலிவு, அலகு விலை மிகுதி என்னும் பழைய வணிக நெறியே இது. ஆதலின் வட்டினைப் பிறர் செய்து விற்பதை நிறுவனம் பொறுக்கவில்லை. ஜிப் கருவியில் இயங்கும் வட்டுகளைச் செய்த நொமாய் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தோடு வழக்காடியது. ஈற்றில் 1998இல் அந்நிறுவனத்தையே விலைக்கு வாங்கிற்று. வாங்குவோர் நிலையிலிருந்து நோக்கின் இதன் பொருள் வேறு. ஒருவர் தம் பத்தாண்டு உழைப்பை இவ்வட்டுகளில் எழுதி வைத்தால், அவ்வுழைப்பைத் திரும்பப் படிக்கும் வழி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஓலையைப் படிக்கக் கண் போதும். வட்டைப் படிக்க வட்டு செய்தவரின் கருவி வேண்டும்.

சாவின் ஒலி

1998 அளவில் ஜிப் கருவி வைத்திருந்தோர் சிலர் ஓர் ஒலியைக் கேட்கலாயினர். வட்டைச் செருகியதும் ‘டிக், டிக்’ என ஓயாது ஒலிக்கும். கோப்பு எதுவும் திறவாது. படிக்கும் தலை தடத்தைக் காணமாட்டாமல் பின்வாங்கி மீண்டும் மீண்டும் முயல்வதால் எழுந்த ஒலி அது. பயனர் அதற்குச் ‘சாவின் சொடுக்கொலி’ எனப் பெயரிட்டனர். ஸ்டீவ் கிப்சன் என்னும் மென்பொருள் வல்லுநர், கருவியின் நலத்தைச் சோதிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதி இலவசமாக வழங்கினார்.

இப்பழுதின் கொடுமை அதன் தொற்றும் இயல்பில் இருந்தது. தலை சிதைந்த கருவி தன்னுள் இட்ட வட்டின் விளிம்பைக் கிழிக்கலாம். கிழிந்த வட்டை நல்ல கருவியில் இட்டால் அதன் தலையும் சிதையலாம். ஒரு வட்டு படிக்கவில்லையெனின் மற்றொரு வட்டைச் செருகிப் பார்ப்பதும், ஒரு கருவி இயங்கவில்லையெனின் நண்பரின் கருவியில் இட்டுப் பார்ப்பதும் மனித இயல்பு. அவ்வியல்பே அழிவைப் பரப்பிற்று. பயனருள் அரை விழுக்காட்டிற்கும் குறைவானோரே இதற்கு ஆளாயினர் என நிறுவனம் கூறியது. 1998 செப்டம்பரில் டெலவேர் மாநிலத்தில் பயனர் குழுவின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 2001இல் அது உடன்பாட்டில் முடிந்தது. பயனர்க்குக் கிட்டியது பின்னர் வாங்கும் பொருள்கள்மீது கழிவு மட்டுமே. வட்டோடு போன கோப்பிற்கு விலை கணிப்பார் எவருமிலர். வட்டின் விலை 20 டாலர் என்பது அனைவர்க்கும் தெரியும். அதில் எழுதப்பட்டதன் விலை எழுதியவர்க்கே தெரியும்.

போட்டியும் வீழ்ச்சியும்

ஜிப் வந்த ஆண்டிலேயே ஸைக்வெஸ்ட் 135 மெகாபைட் கொண்ட தன் கருவியைக் களமிறக்கியது. விலைப் போரில் ஆதாயம் கரைந்தது, இழப்புகள் குவிந்தன. 1998இல் 1 கிகாபைட் கொண்ட ஸ்பார்க் என்னும் கருவியை 199 டாலருக்கு விற்க முயன்றது. எனினும் அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் நொடித்தது. மறு ஆண்டு அதன் உடைமைகள் போட்டியாளரான ஐயோமெகாவின் கைக்கே சென்றன. சையத் இஃப்திகார் தாம் பின்னர்த் தொடங்கிய காசில்வுட் நிறுவனத்தின் வாயிலாக 2.2 கிகாபைட் கொண்ட ஆர்ப் என்னும் கருவியைக் கொணர்ந்தார், அதுவும் நிலைக்கவில்லை. பழைய நெகிழ்வட்டையும் படிக்கவல்ல 120 மெகாபைட் சூப்பர்டிஸ்க், சோனியின் 200 மெகாபைட் வட்டு முதலியனவும் வந்து மறைந்தன.

இவற்றுள் ஒன்றின் வட்டு மற்றொன்றில் இயங்காது. ஆகவே ஒவ்வொரு நிறுவனம் வீழுங்காலும் அதனை நம்பியோர்தம் படிகளும் உடன் வீழ்ந்தன எனில் மிகையன்று. வட்டு கெடவில்லை, எழுத்து அழியவில்லை, படிப்பதற்குக் கருவி மட்டும் இல்லாமற் போயிற்று.

குறுந்தகடும் விரலளவுக் கருவியும்

ஜிப்பை வீழ்த்தியது ஸைக்வெஸ்ட் அன்று. ஒருமுறை எழுதத்தக்க குறுந்தகடு 1980களின் இறுதியில் தோன்றியபோது அதனை எழுதும் கருவி பெருவிலை பெற்றிருந்தது. 1995 அளவில் அக்கருவி 1000 டாலருக்கும் கீழிறங்கியது. 1990களின் முடிவில் 650 மெகாபைட் குறுந்தகடு ஒன்று ஏறத்தாழ ஒரு டாலருக்குக் கிடைத்தது. ஜிப் வட்டில் ஒரு மெகாபைட்டிற்கு 20 சென்ட் செலவாயின், குறுந்தகட்டில் அது கால் சென்ட்டிலும் குறைவு. மேலும் குறுந்தகட்டின் இலக்கணம் ஒரு நிறுவனத்திற்கு மட்டும் உரிமையாகாமல் பலராலும் செய்யப்பட்டது. பாடல் தகட்டைப் படிக்கும் பொறியும் மென்பொருள் தகட்டைப் படிக்கும் பொறியும் ஏற்கெனவே எங்கும் பரவியிருந்தன. மலிவும் பொதுமையும் ஒருங்கே அமைந்தமையே அதன் வெற்றிக்குக் காரணம்.

2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்னும் விரலளவுக் கருவியை விற்கத் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் இஸ்ரேல் நாட்டு எம்-ஸிஸ்டம்ஸ் செய்த 8 மெகாபைட் கருவி ஐ.பி.எம். பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் கண்ட ஃபிளாஷ் நினைவகமே இவற்றின் அடிப்படை. சுழலும் வட்டுமில்லை, தேயும் தலையுமில்லை, தனிக்கருவியும் வேண்டுவதில்லை. தமிழர் இல்லங்களில் ‘பென் டிரைவ்’ என்று வழங்குவது இதுவே. 250, 750 மெகாபைட் என ஜிப் வளர்ந்தும் பயனின்றிப் போயிற்று. 2008இல் ஐயோமெகாவை ஈ.எம்.சி. நிறுவனம் 21 கோடி டாலருக்குச் சற்று மிகுந்த தொகைக்கு வாங்கிற்று. ஒருகாலத்தில் ஓராண்டில் 120 கோடி விற்ற நிறுவனத்தின் முடிவு இது. 2011 மார்ச்சில் சோனி ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையையும் நிறுத்தியது.

காப்பின் இலக்கணம்

கருவிகள் மாறிய காலத்திலும் காத்தலின் நெறிகள் மாறவில்லை. கணிப்பொறி நிலையங்களில் நெடுங்காலமாக வழங்கும் நெறி ஒன்றற்குப் ‘பாட்டன், தந்தை, மகன்’ என்று பெயர். நாள்தோறும் எடுக்கும் படி மகன். வாரந்தோறும் எடுப்பது தந்தை. திங்கள்தோறும் எடுப்பது பாட்டன். நேற்றுப் புகுந்த பிழை மகனிடம் இருப்பினும் தந்தையிடம் இராது; அவனிடமும் இருப்பின் பாட்டனிடம் இராது. மற்றொரு நெறியைப் பீட்டர் க்ரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பினார்: படிகள் மூன்று இருத்தல் வேண்டும், அவை இருவகைப் பொருள்களில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். ஏட்டுச்சுவடிகள் பல ஊர்களில் கிடந்தமையால் பிழைத்த உண்மையும் இதுவே.

நெறியை அறிவது வேறு. அது செயற்படுகின்றதா எனச் சோதிப்பது வேறு. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அசைவூட்டத் திரைப்படத்தை உருவாக்கிக் கொண்டிருந்தபோது, தவறாக இடப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி மறைந்தது. படிகளை நாடினர், படியெடுக்கும் அமைப்போ சில காலமாகவே ஒழுங்காக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேலின் சுஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பெற்றிருந்தமையால் வீட்டிலிருந்தே பணியாற்ற ஒரு கணிப்பொறியை வைத்திருந்தார். அதில் படத்தின் படி ஒன்று இருந்தது. கைக்குழந்தையைக் கொணர்வது போல அப்பொறியைப் போர்வையில் பொதிந்து காரில் ஏற்றிவந்து படத்தை மீட்டனர். நிறுவனம் திட்டமிட்டு வைத்த படி கைவிட்டது. ஒரு தாயின் தேவைக்காக வைத்த படி காத்தது. வேற்றிடத்தில் ஒரு படி என்னும் நெறியின் ஆற்றல் அது. திரும்பப் படித்துச் சோதிக்கப்படாத படி, படியன்று. படி உண்டென்னும் நம்பிக்கை மட்டுமே.

2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் மென்பொருட் பிழையால் ஜிமெயில் பயனருள் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் மடல்கள் மறைந்தன. வெவ்வேறிடங்களில் வைத்திருந்த படிகளையும் அப்பிழை தொட்டுவிட்டது. ஈற்றில் அம்மடல்களை மீட்டது காந்த நாடா. பொறியோடு இணையாமல் தனித்துக் கிடந்தமையால் பிழை அதனை அணுகவில்லை. 1951இல் அரங்கேறிய பழங்கருவி அறுபதாண்டு கழித்தும் கைகொடுத்தமை குறிப்பிடத்தக்கது.

படியும் பொறியும்

இங்கிலாந்தில் 1086இல் எழுதப்பெற்ற ‘டூம்ஸ்டே’ என்னும் நில அளவைப் பதிவேட்டின் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. நிறுவனம் அந்நாட்டு மக்களின் வாழ்க்கைப் பதிவுகளை இரு ஒளித்தகடுகளில் தொகுத்தது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதற்குப் பங்களித்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தகடுகளைப் படிக்கவல்ல பொறிகள் அருகிவிட்டன. 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் பழைய பொறியின் இயக்கத்தைப் புதிய பொறியில் போலச்செய்து அவற்றை மீட்க வேண்டியதாயிற்று. 1086ஆம் ஆண்டின் தோலேடோ இன்றும் கண்ணாற் படிக்கத் தக்கதாய் உள்ளது.

கழற்று வட்டுகளின் வரலாறு உணர்த்துவதும் இதுவே. சந்தை விற்றது சேமிக்கும் இடத்தை. வாங்கியவர் நாடியதோ காப்புறுதியை. இவை இரண்டும் ஒன்றென எண்ணியதே பிழை. வட்டின் ஆயுள் சில ஆண்டு. வட்டைப் படிக்கும் கருவியின் ஆயுள் அதனினும் குறைவு. கருவியைச் செய்த நிறுவனத்தின் ஆயுள் சில வேளைகளில் அவற்றினும் குறைவு. ஆகவே படி என்பது ஒருமுறை செய்து பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. தலைமுறைதோறும் புதுப்பிக்கும் ஒழுக்கம். 2006க்குப் பின் இணையவழிச் சேமிப்பு பரவியபோதும் இவ்வுண்மை மாறவில்லை. வட்டு பிறர் இல்லத்திற்குக் குடிபெயர்ந்தது. அவ்வில்லத்தின் கதவு திறந்திருக்கும் வரையே அது நமது.

முடிவுரை

1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. படியுள்ள நூல்களைப் பிற இடங்களிலிருந்து பெற்று மீண்டும் அடுக்க முடிந்தது. படியற்ற சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளவே இல்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைக் கணிப்பொறி எழுத்தாக்கி உலகெங்கும் இலவசமாகப் பரப்பியது. ஒரு நூல் ஆயிரம் இல்லங்களின் பொறிகளில் இருப்பின், ஓரிடத்துத் தீ அதனை அழிக்க இயலாது.

ஏடெழுதுவோர் கையாண்டதும் இந்நெறியே. நீலப் பெட்டியை விற்றோர் முழுமையாகச் சொல்லாது விட்டதும் இந்நெறியே. கருவியை வாங்குதல் எளிது. காத்தலோ நாள்தோறும் செய்யும் தொழில். இலக்கிய மன்றங்களின் பதிவேடுகளும் மலர்களும் எழுத்தாளர்தம் கையெழுத்துப் படிகளும் இன்று பெரும்பாலும் ஒரு வீட்டுக் கணிப்பொறியிலோ ஒருவர் பையிலுள்ள பென் டிரைவிலோ உறங்குகின்றன. அவற்றின் இரண்டாம் படி எங்குளது, மூன்றாம் படி எவ்வூரில் உளது, அவை இறுதியாகத் திறந்து பார்க்கப்பட்டது எந்நாள் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வைத்திருப்போரே தம் எழுத்தைக் காப்போர் ஆவர். விடையில்லாதார் வைத்திருப்பது, ஆற்றுக்குப் போகக் காத்திருக்கும் ஒற்றை ஏடே.